திரையில் சிரித்த நாச்சிமுத்து

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வசதி மனிதர்களுக்குச் சமீபத்தில்தான் வந்தது. பொறாமைக்கு அது ஆதியிலிருந்தே உண்டு. பஸ் பிடிக்க வேண்டாம், அடையாள அட்டை மாட்ட வேண்டாம், ஆளை நேரில் பார்க்கக்கூட வேண்டாம். கோபிசெட்டிபாளையத்தில், மாடி அறையில், மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே கட்டம் போட்ட லுங்கியுமாக உட்கார்ந்திருந்த நாச்சிமுத்துவின் வயிற்றில், தூத்துக்குடியில் இருக்கும் ஒரு பெண்ணின் பெயரால் அது லீவே போடாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் ஜெசிந்தா. இருவருமே கோயமுத்தூர் ஊற்றுக்கண் பம்ப்ஸ் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் மேனேஜர்கள். விவசாயியின் கிணற்றில் மோட்டார் நின்றுபோனால் மெக்கானிக்கை அனுப்பிவைப்பதும், அவர் போய்ச் சேரும்வரை விவசாயியின் திட்டை வாங்கிக்கொள்வதும் இவர்கள் வேலை. பிரிவில் பாதிப் பேர் பீளமேட்டு ஆபீசில் இருந்தார்கள். மீதிப் பேர் அவரவர் ஊரில், அவரவர் வீட்டில், அவரவர் குக்கர் விசிலுக்கு நடுவில் இருந்தார்கள். திங்கட்கிழமைதோறும் எல்லாரும் திரையில் கூடுவார்கள்.

நாச்சிமுத்து அந்தக் கம்பெனியில் நரைத்தவர். ஜெசிந்தா நேற்று வந்தவள். வந்தவள் சும்மா இருந்திருக்கலாம். மெக்கானிக்குகள் வண்டியை எடுப்பதற்கு முன்னால் விவசாயிக்கு ஒரு போன் போட்டு, "த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்திருக்குதுங்களா? கிணத்துல தண்ணி கெடக்குதுங்களா?" என்று கேட்க வேண்டும் என ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டாள். பாதிப் புகார்கள் அந்தப் போனிலேயே தீர்ந்தன. இவ்வளவுதான் விஷயம். வெளிநாட்டில் படித்துத் திரும்பியிருந்த சின்ன முதலாளி ஹரிகேசவ் இதற்கு 'முன்தொடர்பு முனைப்பு' என்று பெயர் சூட்டி, அம்புக்குறி போட்ட படமெல்லாம் வரைந்து, ஏதோ பூமி உருண்டை என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்த மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

"இது வெறும் போன் கால் இல்லை நண்பர்களே," என்றார் திரையில். "வாடிக்கையாளரின் வலியை வருவதற்கு முன்பே தொட்டுப் பார்க்கும் ஒரு விரல். நாச்சிமுத்து சார், சீனியரா நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். "நல்ல விசயந்தானுங்க. போன் பண்ணிட்டுப் போறது. ஒலகத்துல ஒருத்தருக்கும் தோணாத விசயமுங்க."

பாகற்காயை மென்று அதன் சாற்றை வார்த்தையாகத் துப்பினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர் அதைச் சொன்னார். அப்படிச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துதான் சொன்னார். திரையின் வலது மூலையில் ஜெசிந்தா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, ஒங்க வாயால இதக் கேட்டதே போதும். எனக்குக் கேடயமெல்லாம் வேண்டாம்."

எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். குத்தியவனுக்கே நன்றி சொல்லிக் குத்தைத் திருப்பித் தருகிறாள். நாச்சிமுத்துவுக்குக் காது சிவந்தது. அந்த நேரம் பார்த்துக் காபி தம்ளரோடு மாடிக்கு வந்த மனைவி கோகிலா, கதவோரமாகவே நின்றுவிட்டாள்.

மீட்டிங் முடிந்ததும் கேட்டாள்: "ஏனுங்க, பல்லு வலிங்களா?"

"இல்லையே."

"பின்ன ஏனுங்க வேப்பெண்ணெய் குடிச்சாப்ல மூஞ்சிய வெச்சிருந்தீங்க? எதுத்தாப்ல இருக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"அவுங்க ஒண்ணும் நெனைக்கறதில்ல."

அது உண்மை. ஒருவரும் ஒன்றும் நினைத்ததில்லை. ஒரு வருஷமாக அவர் எப்படி முகம் சுளித்தாலும், எவ்வளவு நஞ்சைக் குரலில் தடவினாலும், எதிரே ஒரு புருவம்கூட உயர்ந்ததில்லை. தன் நாசூக்கு அப்படி என்று அவர் நினைத்துக்கொண்டார். தன்னைப் பற்றி நினைப்பதில் அவருக்கு எப்போதும் தாராளம்தான்.

ஒரு வருஷத்துக்கு முன்னால்தான் ஹரிகேசவ் 'முகமன்' என்ற மென்பொருளை வாங்கிப் போட்டிருந்தார். வீட்டிலிருந்து பேசுகிறவர்களின் இருட்டான முகத்துக்கு அது வெளிச்சம் போடும், குக்கர் சத்தத்தை வடிகட்டும், நெட் அறுந்தால் உருவம் கட்டங்கட்டமாக உடையாமல் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். கோபிக்கும் கோவைக்கும் ஓட்டுநர் இல்லாத பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் கோபியில் நெட் மட்டும் விட்டுவிட்டுத்தான் வந்தது. அதனால் நாச்சிமுத்துவுக்கு முகமன் மேல் நல்ல மரியாதை. ஒப்புதல் பட்டனைப் படிக்காமல்தான் அழுத்தினார். ஒப்புதலைப் படித்துவிட்டு அழுத்தியவர் என்று அந்த மாவட்டத்திலேயே யாரும் இல்லை.

இதற்கிடையில் தெற்கு மண்டலத் தலைவர் ஓய்வு பெற்றார். நாச்சிமுத்து பல வருஷமாகக் கண்வைத்திருந்த நாற்காலி அது. அதில் யார் உட்காருவது என்பதற்குப் பெரிய முதலாளி காலத்திலிருந்தே கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பந்தியில் தன் இலைக்குத் தானே பரிமாறிக்கொள்ளக் கூடாது என்பார் அவர். ஆகவே யாரும் விண்ணப்பம் போடக் கூடாது. ஒவ்வொருவரும் தன்னைத் தவிர வேறொருவர் பெயரைக் காரணத்தோடு முன்மொழிய வேண்டும். அதிகம் பேர் சொன்னவருக்கு நாற்காலி. ஆண்டு விழா மேடையில் அறிவிப்பு. அறிவித்த கையோடு, ஜெயித்தவர் தான் யாரை முன்மொழிந்தார் என்று தன் வாயாலேயே சபையில் சொல்ல வேண்டும். அதை யாரும் சரிபார்க்க மாட்டார்கள். பெரிய முதலாளி மனிதர்களை நம்பியவர். பம்ப் விற்று இவ்வளவு சம்பாதித்தவர் அப்படியும் இருந்தார் என்பது ஆச்சரியம்தான்.

நாச்சிமுத்து கணக்குப் போட்டார். சீனியாரிட்டி தனக்கு. கைதட்டல் அவளுக்கு. தன் பங்குக்கு அவள் பெயரைச் சொன்னால் அவள் இலையில் ஒரு கரண்டி கூடும். ஆகவே திருச்சிக்காரர் சோமசுந்தரத்தின் பெயரைப் பதிவு செய்தார். காரணம் என்ற இடத்தில் 'அமைதியானவர்' என்று எழுதினார். பொய் இல்லை. போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே குறட்டை விடுகிறவர் அவர். தூங்குகிறவர்கள் எல்லாருமே அமைதியானவர்கள்தான்.

ஆண்டு விழா அன்று, திட்டுவதற்கு டிரைவர் இல்லாத பஸ்ஸில், பேச்சுத்துணை போன வருத்தத்தோடு கோவை வந்து சேர்ந்தார். அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய மண்டபம். வர முடிந்தவர்கள் நேரில், வர முடியாதவர்கள் வீட்டுத் திரையில். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்ணைத் தாண்டி ஒரு குரல் ஓடி வந்தது.

"அண்ணாச்சி! சொகமா இருக்கியளா?"

ஜெசிந்தா. திரையில் தெரிந்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். ராத்திரி ரயிலில் கசங்கிய சேலை. மற்றபடி அதே முகம், அதே சிரிப்பு. அவரை முதல்முறையாக நேரில் பார்க்கிறாள். அண்ணனைப் பார்த்த மாதிரி நின்றாள்.

"வா அம்முணி," என்றார் நாச்சிமுத்து. வழக்கமான பாகற்காய்க் குரல்தான். அதற்கு வழக்கமான முகம்தான்.

அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றது. "மேலுக்குச் சொகமில்லியா அண்ணாச்சி?"

"நல்லாத்தான் இருக்கறேன்."

"மொகம் ஒரு மாதிரி..."

"என்ற மொகமே இதுதான்."

"போங்க. திரையில நீங்க எப்பிடி இருப்பியள்னு எனக்குத் தெரியாதா?" என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். "எங்க ஊரு இனிப்பு, மக்ரூன். ஒங்களுக்குன்னே சொல்லிப் போட்டது. முந்திரி கூட. எங்க அம்மா குடுத்துவிட்டா. ஒங்களப் பாக்கணும்னு ஒரே பாடு."

"என்னைய எதுக்கு?"

"எதுக்கா? அப்பா தவறுன அன்னைக்கு நீங்க செஞ்சதுக்கு."

நாச்சிமுத்துவுக்கு எதுவும் பிடிபடவில்லை. அந்த நாள் நினைவிருந்தது. வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் ஏதாவது யோசனை கேட்டு அழைப்பாள். அவரும் உருப்படாத யோசனையாகப் பார்த்துப் பொறுக்கிச் சொல்வார். அன்றைக்குத் திரையில் அழுதுகொண்டே வந்தாள். அப்பா போய்விட்டார் என்றாள். நாச்சிமுத்து "அடடா" என்றார். கீழே டிவியில் கிரிக்கெட், கடைசி ஓவர்கள். மைக்கை அணைத்துவிட்டு, காமிராவை அணைக்க மறந்து, கீழே இறங்கிப் போனவர் ஆட்டம் முடிந்துதான் மேலே வந்தார். அதற்குள் அவள் போய்விட்டிருந்தாள்.

"நான் என்ன செஞ்சேன்?"

"வெளையாடாதிய. ‘அழுவறதுன்னா அழுதுரு அம்முணி, நீ முடிக்கற வரைக்கும் நான் இங்கயேதான் இருக்கறேன்'னியள். அப்பொறம் ஒரு வார்த்த பேசல. அப்பிடியே இருந்தியளே! எங்க வீட்டுல அத்தன சனம். எல்லாரும் தேத்துதேன் தேத்துதேன்னு பேசியே கொன்னாங்க. சும்மா இருக்கத் தெரிஞ்சது நீங்க ஒராளுதான்."

டப்பா கையில் கனத்தது. "ஒரு நிமிசம் அம்முணி" என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து மேடைக்குப் பின்பக்கம் போனார்.

அங்கே வயர்களுக்கு நடுவே பெனசீர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முகமனைப் பராமரிக்கும் இன்ஜினீயர். உக்கடத்துக்காரி. சின்ன முதலாளியின் உரையைத் தினமும் கேட்டுக் கேட்டு எதற்கும் அசராத நிலைக்கு வந்திருந்தவள்.

"ஏம்மா, இந்த முகமன் என்னதான் பண்ணுது?"

"இப்பவாவது கேட்டீங்களே சார். வெளிச்சம் போடும், சத்தம் வடிகட்டும்."

"அப்பறம்?"

"குழு நல்லிணக்கம்."

"அப்படின்னா?"

பெனசீர் சுற்றும் முற்றும் பார்த்தாள். "நேர்ல ஒண்ணா உக்காந்து டீ குடிக்காதவங்க ஒருத்தர ஒருத்தர் தப்பாப் புரிஞ்சுக்குவாங்களாம். அதனால பாக்குறவங்களுக்கு எந்த முகம் தேவையோ, அந்த முகத்த அவங்க திரையில குடுக்கும். குரலையும் கொஞ்சம் பதமாக்கும். நெட்டு விட்டுப்போன எடத்துலயும், ஆளே எந்திரிச்சுப் போன எடத்துலயும் தானா நெரப்பும். உங்க ஊர்ல நெட்டு ரொம்ப விட்டுப் போகுது சார்."

"எல்லாத்துக்குமா இப்படி?"

"எல்லாருக்கும்தான். வேலை கூடக்கொறைய இருக்கும். சோமசுந்தரம் சாருக்குக் கண்ண மட்டும் தொறந்து வெச்சாப் போதும்."

"ஜெசிந்தாவுக்கு?"

"வெளிச்சம் மட்டும். அவங்க முகத்துல அதுக்கு வேற வேலையே இல்ல."

நாச்சிமுத்து டப்பாவை மறு கைக்கு மாற்றினார். "எனக்கு?"

"உங்களுக்குன்னு சர்வர்ல தனியா எடம் ஒதுக்கியிருக்கோம் சார்," என்றாள் பெனசீர், மரியாதை குறையாமல்.

அந்த வெள்ளிக்கிழமையைக் காட்டச் சொன்னார். ஜெசிந்தாவின் திரையில் தெரிந்தபடியே காட்டச் சொன்னார். பெனசீர் தேடி எடுத்து மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

அதே மாடி அறை. அதே சட்டை. அதே நரை. ஆனால் நாற்காலி காலியாக இல்லை. அதில் ஒரு நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். தலை லேசாகச் சாய்ந்திருந்தது. கண் எதிரே இருப்பவளை விட்டு அகலவில்லை. அதற்காக உறுத்துப் பார்க்கவும் இல்லை. அழுகை ஏறும்போது அந்த முகம் தாழ்ந்தது. அழுகை தணியும்போது ஒரு மூச்சு விட்டது. அந்த மனிதருக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. உலகத்தில் எந்த ஆட்டமும் நடக்கவில்லை.

"இது யாரு?" என்றார்.

"நீங்கதான் சார்."

"நான் இல்லீங்க அம்முணி."

"சட்டை உங்களுதுதானே?"

இத்தனை நாள் ஜெசிந்தாவின் மேல் எரிந்ததெல்லாம் ஈர விறகு என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இப்போது பற்றியது வேறு. அந்த முகம் அவருடையது. மீசையை எப்படி வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று கண்ணாடி முன் எத்தனை நாள் நின்றிருக்கிறார்! அப்போதெல்லாம் ஒளிந்திருந்த ஒரு லட்சணம், அவர் கிரிக்கெட் பார்க்கப் போன நேரம் பார்த்து வந்து உட்கார்ந்திருக்கிறது. மக்ரூன் இவனுக்கு. அண்ணாச்சி இவன். தூத்துக்குடியில் ஒரு கிழவி பார்க்க வேண்டும் என்று துடிப்பது இவனை. தன் வாழ்நாளில் ஒரு பெண் பிள்ளைக்கு இவ்வளவு நேரம் முகம் கொடுத்ததில்லை என்பது நாச்சிமுத்துவுக்கு நினைவு வந்தது; கோகிலாவுக்குக்கூட இல்லை. இந்தப் பயலுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

அவர் மண்டபத்துக்குள் திரும்பி வந்தபோது மேடையில் ஹரிகேசவ் பேச ஆரம்பித்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. வீட்டில் இருப்பவர்களுக்குப் போகும் படம்தான் அதிலும் ஓடியது.

"அலுவலகம் என்பது கட்டடமா? இல்லை. நாற்காலியா? இல்லை. அது ஒரு உணர்வு நண்பர்களே. நாம் சிதறிக் கிடக்கிறோம், ஆனால் சிதறவில்லை."

முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். பின்னால் இருந்த திரையில் ஹரிகேசவ் இரண்டு அங்குலம் உயரமாகவும், முன்மண்டையில் நிறைய முடியோடும் இருந்தார். முகமன் முதலாளி மகனையும் விட்டுவைக்கவில்லை.

கடைசியில் உறையைப் பிரித்தார். "தெற்கு மண்டலத்தின் புதிய தலைவர்... நமது கம்பெனி வரலாற்றில் இவ்வளவு பேர் ஒரே பெயரைச் சொன்னதில்லை... திரு நாச்சிமுத்து!"

மண்டபம் எழுந்து தட்டியது. யாரோ அவர் முதுகைத் தள்ளினார்கள். மேடைக்குப் போகும் வழியெல்லாம் கைகள். "தப்புப் பண்ணினாலும் ஒரு நாள் மொகஞ்சுளிச்சதில்லீங்க சார் நீங்க," என்றார் ஒருவர். "உங்களப் பாத்தாலே திங்கக்கிழமை பயம் போயிரும் சார்," என்றார் இன்னொருவர். இவர்கள் எல்லாரையும் அவர் திங்கட்கிழமைதோறும் முறைத்திருக்கிறார்.

ஹரிகேசவ் ஒரு காரணத்தை மட்டும் வாசித்தார். எழுதியவர் ஜெசிந்தா.

"'என் பெயரைச் சொல்லப்போவதாகச் சிலர் சொன்னார்கள். அவர்களிடமும் அண்ணாச்சி பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். நான் போன் பண்ணிவிட்டுப் போகத்தான் சொல்லிக்கொடுத்தேன். போன் பண்ணியவர் அழுதால் என்ன செய்வது என்று அவருக்குத்தான் தெரியும்.'"

கைதட்டல் அடங்க நேரமானது. நாச்சிமுத்துவின் கையில் மைக் திணிக்கப்பட்டது. வழக்கம் அவருக்குத் தெரியும். யாரை முன்மொழிந்தோம் என்று சொல்ல வேண்டும். ஜெசிந்தா என்று ஒரு பொய். அவ்வளவுதான். சரிபார்க்க ஆளில்லை. நாற்காலி கையில், நல்ல பெயர் பையில்.

முதல் வரிசை ஓரத்தில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். பொய்யைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் வயிறு குறுக்கே வந்தது. இந்த நாற்காலி யாருக்கு விழுந்தது? அவனுக்கு. ஜெசிந்தா விட்டுக்கொடுத்தது யாருக்கு? அவனுக்கு. இப்போது நல்ல வார்த்தை சொன்னால் அதுவும் அவன் கணக்கில்தான் சேரும். அவனை அடிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவன் ஒருநாளும் சொல்ல மாட்டாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மனிதர்கள் உண்மை பேசுவதற்கு எத்தனையோ உயர்ந்த காரணங்கள் உண்டு. நாச்சிமுத்துவுக்கு இருந்தது இது ஒன்றுதான்.

"நான் ஜெசிந்தா பேரச் சொல்லலீங்க," என்றார். "சோமசுந்தரம் பேரச் சொன்னேன். ஏன்னா இந்தப் புள்ளைக்கு வந்துரக் கூடாது. ஒரு வருசமா இது பேரு கேட்டாலே எனக்கு வயிறு எரியும். இதுக்கு நான் குடுத்த யோசனை எல்லாமே கெட்டுப்போகட்டும்னு குடுத்ததுதான். நீங்க பாத்த ஆளு நான் இல்லீங்க."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசைக்கு ஓடி, பலத்து, கைதட்டலாக மாறித் திரும்பி வந்தது.

நாச்சிமுத்துவுக்கு விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தார். பின்னால், சுவர் அகலத்துக்கு, அவன் நின்றுகொண்டிருந்தான். தலையைச் சற்றே குனிந்து, கண்ணோரத்தில் குறும்போடு, தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் பெரிய மனிதனின் சிரிப்போடு. ஸ்பீக்கரில் வந்த குரலும் அவனுடையதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. வார்த்தையெல்லாம் இவருடையது, குழைவு அவனுடையது. சிறிய உருவம் மேடையில் வியர்த்து நிற்கும்போது அதைப் பார்க்க யாருக்கு நேரம்? எல்லார் கண்ணும் பெரியதன் மேலேயே இருந்தது. தூக்கத்தில் தன் பெயர் காதில் விழுந்து எழுந்த சோமசுந்தரம்கூட எழுந்து நின்று தட்டினார்.

"பாருங்கள், இதுதான் தலைமை!" என்று ஹரிகேசவ் அவர் தோளை அணைத்துக்கொண்டார். "தன் மேல் இல்லாத குறையைத் தானே ஏற்றிக்கொண்டு, சக ஊழியரை உயர்த்தும் பணிவு! இதற்கு நாம் ஒரு பெயர் வைக்க வேண்டும்."

ஒருத்தி மட்டும் தட்டவில்லை. ஜெசிந்தா திரையைப் பார்க்கவே இல்லை. அவள் இருந்த ஓரத்திலிருந்து திரை சரியாகத் தெரியாதோ, இல்லை அண்ணாச்சியை நேரில் பார்த்த நாள் என்பதாலோ, அவள் கண் மேடையில் நின்ற சின்ன உருவத்தின் மேலேயே இருந்தது. அந்த முகத்தை, வாசலில் பார்த்த அதே முகத்தை, அவள் முழுசாகப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மாலையையும் சால்வையையும் கழற்றிவிட்டு அவர் கீழே வருவதற்குள் அவள் ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள்.

நாச்சிமுத்து மண்டலத் தலைவர் ஆனார். சம்பளம் கூடியது. கோபியில் மரியாதை கூடியது. கோகிலா மக்ரூன் டப்பாவைத் திறந்து, "பரவாயில்லியே, ஒங்களுக்கும் ஆளுங்க இருக்கறாங்களே," என்றாள். அவர் ஒன்றுகூட வாயில் வைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அழைப்பு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. நாச்சிமுத்து திரைக்கு முன்னால் உட்கார்ந்து காத்திருந்தார். ஆட்டம் நடந்தாலும் கீழே போகவில்லை. ஒரு பெண்ணுடைய கோபத்துக்காக இவ்வளவு ஏங்க முடியும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவள் திட்டினால் போதும். திட்டினால் அது தனக்கு, தனக்கே தனக்கு.

பெனசீருக்குப் போன் போட்டார். "என்ற மேல அந்தச் சனியன நிறுத்திரு அம்முணி. மண்டலத் தலைவர் உத்தரவுன்னு போட்டுக்க."

"நிறுத்திடலாம் சார். உங்க சொந்த முகத்தோட மீட்டிங்குக்கு வரணும்னு நீங்களே கேக்குறீங்க, எழுதிக்கிறேன்." கீபோர்டு சத்தம் கேட்டது. பிறகு நின்றது. "ஒரே ஒரு எடத்துல மட்டும் முடியாது."

"எங்க?"

"ஜெசிந்தா மேடம் திரையில. அவங்க பக்கம் முகமும் பேச்சும் அதோடது மட்டும்தான் வரணும்னு பூட்டியிருக்காங்க. விழா முடிஞ்ச மறுநாளே போன் பண்ணாங்க. எல்லாத்தையும் கேட்டாங்க. நானும் மறைக்கல சார். அந்த வெள்ளிக்கிழமை நாற்காலி காலியா இருந்ததயும் சொல்லிட்டேன்."

"சொன்னதுக்கு?"

"'அந்த மனுசரு எனக்கு ஒரு கெடுதலும் செய்யலியே. அவர எதுக்கு அனுப்பணும்? அவரு இருக்கட்டும்'னாங்க."

நாச்சிமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சரி, நான் இனிமே நெசமாவே நல்லபடியாப் பேசினா? அந்தப் பேச்சாவது போயிச் சேருமா?"

பெனசீர் யோசித்தாள். இரக்கத்தோடுதான் சொன்னாள்: "அது உங்களவிட நல்லாப் பேசும் சார்."

மூன்றாவது வெள்ளிக்கிழமை திரை ஒளிர்ந்தது. ஜெசிந்தா. பின்னால் தூத்துக்குடி வெயில். அதே சிரிப்பு.

"சொல்லுங்க அண்ணாச்சி, சாப்ட்டாச்சா?"

நாச்சிமுத்து ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். கைகூப்பினார். "அம்முணி, நான் செஞ்சது மகா பாவம். உன்ற அப்பா போன அன்னைக்கு உன்னைய உட்டுட்டுக் கீழ போயிட்டேன். என்னைய நல்லா நாலு வார்த்தை திட்டிப்போடு. அப்பத்தான் எனக்கு ஆறும்."

அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆமா அண்ணாச்சி, அம்மாவுக்கு இப்பம் பரவால்ல. ஒங்களக் கேட்டதாச் சொல்லுதேன்," என்றாள்.

"அம்முணி, நான் கேட்டது அதல்ல..."

"அதுவுஞ்சரிதான்," என்று தலையாட்டினாள்.

அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். கூப்பிய கை தானாக இறங்கியது. திரைக்கு இந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்தப் பக்கத்தில் ஜெசிந்தா எதையோ கேட்டுக் கண்ணை விரித்தாள், கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள், பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"போங்க அண்ணாச்சி, ஒங்களுக்கு எப்பமும் வெளையாட்டுதான்!"

நாச்சிமுத்து நாற்காலியை முன்னால் இழுத்து, மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். அவன் என்ன சொன்னான் என்று எவ்வளவு முயன்றும் அவருக்குக் கேட்கவில்லை.